பெயர் கேட்டு வாங்குங்கள்: தென்னாப்பிரிக்கத் தொல்குடிக் கலைஞர்களின் ஓவியமும் மரச்சிற்பமும் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் எங்கள் அப்பா படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். முருகன், லட்சுமி, கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், காலமானவர்களின் மாலை போட்ட படம் என்று நாள் முழுவதும் கண்ணாடி வெட்டும் சத்தம் கேட்கும். 1980களின் கடைசியில் ஓர் ஆசிரியை கறுப்பு வெள்ளை அச்சுப்படம் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கட்டம் கட்டமாகப் பைபிள் கதை. கீழே பென்சிலில் ஒரு கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் பின்னம் போல ஓர் எண். அப்பா அதன் பின்னால் ஹார்ட்போர்டு வைத்தார், நான்கு மூலைகளிலும் செலோடேப் ஒட்டினார், மூன்றே நாளில் கொடுத்துவிட்டார். பத்து வருடம் கழித்து அதே படம் கடைக்குத் திரும்பி வந்தது. மூலைகளில் காபி சிந்தியதுபோல் பழுப்புக் கறை. ஆசிரியை கோபப்படவில்லை. "இது அஸாரியா எம்பாதா செய்தது தம்பி, கொஞ்சம் பார்த்துச் செய்து கொடுங்கள்" என்றார். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். எங்கள் கைபட்டுக் கெட்டுப்போன படத்துக்கு ஒரு பெயர் இருந்ததே என்பதுதான் என்னைச் சேகரிப்பின் பக்கம் தள்ளியது.

இந்த வழிகாட்டி டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் வசிக்கும், கையில் அளவான பணமும் மனத்தில் ஆசையும் உள்ள நம்மவர்களுக்காக. பெரிய முதலீட்டாளர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

யார் தொல்குடி?

முதலில் இந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தென்னாப்பிரிக்காவில் தொல்குடி என்று கறாராகச் சொன்னால் சான், கொய் மக்களைத்தான் குறிக்கும். சற்றுத் தளர்த்தினால் ஜூலு, வெண்டா, சோங்கா, இந்தெபெலே போன்ற மக்களின் வழிவழிக் கலையும் அதில் அடங்கும். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் "ஆப்பிரிக்கன்" என்ற ஒரே கூடையில் போட்டு விற்பார்கள். நம்மைக் கேட்டால் தஞ்சாவூர் ஓவியமும் கேரளத்து மரவேலையும் ஒன்றா? அதே பதில்தான் இங்கேயும்.

சான் மொழிப் பெயர்களில் கிளிக் ஒலிகள் வரும். அவற்றுக்குத் தமிழில் எழுத்து இல்லையே தவிர, ஒலி நமக்குப் புதிதல்ல. ஐயோ பாவம் என்று நாம் உச்சுக் கொட்டும்போது நாக்கு செய்கிற வேலைதான் அவற்றில் ஒன்று. 2000ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட நாட்டுச் சின்னத்தின் வாசகம்கூடச் சான் மக்களின் கம் மொழியில்தான் இருக்கிறது. அந்த மொழியை இன்று பேசுவோர் எவரும் இல்லை. சின்னத்தில் உள்ள இரண்டு மனித உருவங்களும், கேப்டவுனில் உள்ள இசீக்கோ அருங்காட்சியகத்தின் லின்டன் பாறை ஓவியத்திலிருந்து எடுத்தவை.

முதல் படி: ஒரு வருடம் வாங்காதீர்கள்

முதல் வருடம் பர்ஸைத் திறக்காமல் கண்ணை மட்டும் திறந்து வையுங்கள். டர்பன் நகர மண்டபத்தில் உள்ள கலைக்கூடத்துக்குப் போங்கள். கிளென்வுட் பகுதியில் தொடங்கப்பட்ட பான்சி அருங்காட்சியகத்தைப் பற்றி விசாரியுங்கள். பான்சி என்றால் ஜூலுவில் "கீழே". எஷோவேயில் உள்ள வுகானி தொகுப்பில் கூடைகளும் மண்கலங்களும் அதிகம். மரவேலை சேகரிப்பவர்களும் அதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு சமூகத்தின் வடிவ உணர்வு கூடையிலும் ஒன்றுதான், கரண்டியிலும் ஒன்றுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டாதம் கலைக்கூடம் இருக்கிறது.

டிராகன்ஸ்பர்க் மலைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். காம்பர்க் பகுதியில் கேம் பாஸ் குகைக்கு வழிகாட்டியுடன் ஏறிப் போகலாம். அங்கே பாறையில் ஒரு ஈலண்ட் மான் சாகும் தறுவாயில் தலையைத் தொங்கப் போட்டு, பின்கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கிறது. அதன் வாலைப் பிடித்திருக்கும் மனிதனின் கால்களும் அதேபோல் பின்னியிருக்கின்றன. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் குளம்பு. மருளேறிய பூசாரி விலங்கின் சக்தியைத் தன்னுள் வாங்கிக்கொள்வதாக ஆய்வாளர்கள் இதைப் படிக்கிறார்கள். மாரியம்மன் கோயிலில் சாமி வந்து ஆடுபவரைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதிக விளக்கம் தேவைப்படாது. ஆனால் பாறையைத் தொடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். நிறம் தூக்கலாகத் தெரிய வேண்டும் என்று முன்பு சிலர் தண்ணீர் தெளித்துப் படமெடுத்ததால் பல ஓவியங்கள் கெட்டன.

இரண்டாம் படி: ஒரு வாய்க்காலைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் சேர்ப்பவர் வீடு பரண் ஆகிவிடும். ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

இன்றைய சான் ஓவியங்களும் அச்சுப்படங்களும்: பாட்ஸ்வானாவில் டிகார் என்ற சிற்றூரில் 1990இல் குரு கலைத்திட்டம் தொடங்கியது. பாலைவனத்துச் செடி, கிழங்கு, பறவை, பூச்சி எல்லாம் எண்ணெய் வண்ணத்திலும் லினோகட்டிலும் (லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவி எடுக்கும் அச்சுப்படம்) வந்தன. அங்கே வரைந்த ஒரு பெண்மணியின் படம் 1997இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்களின் வாலில் பறந்தது. அவர் பெயரைத் தமிழில் எழுதினால் கோய்சே ந்ட்சோக்கோ என்று ஏதோ வருகிறது. உச்சுக் கொட்டும் ஒலியைப் படிப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்குள் கிம்பர்லிக்கு அருகில் பிளாட்ஃபான்டீனில் வசிக்கும் குன், குவே மக்களிடமிருந்தும் இப்படிப்பட்ட படங்கள் வந்திருக்கின்றன. அங்கோலா, நமீபியா போரில் சிக்கி 1990இல் இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள்.

ரோர்க்ஸ் டிரிஃப்ட் லினோகட்டுகள்: நம் குவாசூலு-நட்டால் மாகாணத்திலேயே, 1879 ஆங்கிலேயர்-ஜூலு போருக்குப் பெயர்பெற்ற அதே ஊரில், ஸ்வீடனிலிருந்து வந்த பேடர், உல்லா கோவேனியஸ் தம்பதியர் 1960களின் தொடக்கத்தில் ஒரு கலை மையத்தைத் தொடங்கினார்கள். கறுப்பின இளைஞர்களுக்குக் கலைப் பள்ளிக் கதவுகள் சாத்தியிருந்த காலத்தில் எம்பாதாவும் ஜான் முவாஃபாங்கேஜோவும் அங்கிருந்துதான் வந்தார்கள். கலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அளவான பணத்தில் தொடங்குபவருக்கு என் முதல் சிபாரிசு லினோகட்தான். ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுப்பதால் விலை எட்டும் தூரத்தில் இருக்கும், அசல் என்பதும் மாறாது. எம்பாதாவின் விலை இப்போது ஏறிவிட்டது என்பது வேறு விஷயம். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களைத் தேடுங்கள்.

இந்தெபெலே ஓவியம்: பெண்கள் வீட்டுச் சுவரில் வரைந்தது. எஸ்தர் மஷ்லாங்கு 1935இல் பிறந்தவர். பத்து வயதில் அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்றார். 1989இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனார். 1991இல் பிஎம்டபிள்யூ கார் ஒன்றின் மேல் வரைந்தார். தூரிகைக்குப் பதில் கோழி இறகு, அளவுகோல் இல்லாத கோடு. விடியற்காலையில் புள்ளி வைத்துக் கோலம் போட்ட நம் ஆயாமார்களின் கையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோட்டின் அருமை தெரியும். அது நேராக இருக்கும், ஆனால் உயிரோடு இருக்கும். ஒட்டுநாடா வைத்து அடித்த கோடு செத்த நேர்.

லிம்போப்போ மரச்சிற்பம்: என் மனம் இங்கேதான். ஜாக்சன் ஷ்லுங்வானி (1923–2010) போதகர். எம்போகோட்டா ஊரில் பழைய கல் இடிபாடுகளின் மேல் "புதிய எருசலேம்" என்று ஒரு வழிபாட்டிடத்தைக் கட்டி, முழு அடிமரங்களிலிருந்து மீன்களையும் தூதர்களையும் செதுக்கினார். நோரியா மபாசா வெண்டா பெண்மணி, 1938இல் பிறந்தவர். மரம் செதுக்குவது ஆண்களின் வேலை என்றிருந்த ஊரில் முதலில் களிமண்ணில் தொடங்கி, பிறகு வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த பெரிய மரங்களுக்கு வந்தார். வேர் முறுக்கிக்கொண்ட இடத்தில் ஒரு உடல், கிளை பிரியும் இடத்தில் ஒரு கை. மரத்தில் ஏற்கெனவே இருந்ததைத்தான் வெளியே எடுத்தார் என்று தோன்றும்.

ஜூலு வீட்டுப் பொருள்கள்: மரத் தலையணையான இசிக்கிகி, பால் கறக்கும் குடுவையான இதுங்கா, இறைச்சித் தட்டு, கரண்டி. குடுவையின் இரு பக்கமும் மரு மருவாகப் புடைப்புகள் இருக்கும். அழகுக்கு மட்டுமல்ல, முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக் கறக்கும்போது வழுக்காமல் இருக்கவும்தான்.

மூன்றாம் படி: எங்கே வாங்குவது

விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மிளகாய்த்தூள் குவியலுக்கு எதிரே மர ஒட்டகச்சிவிங்கிகள் வரிசையாக நிற்கும். விற்பவர் நம் ஊர்க்காரராகவே இருக்கலாம். பேத்திக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க நல்ல இடம். ஆனால் அவை மொத்தமாக வருபவை; செய்தவர் யார் என்பது கடைக்காரருக்கும் தெரியாது. கடற்கரை நடைபாதையிலும் அப்படித்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, நினைவுப்பொருளை நினைவுப்பொருளாக வாங்கினால் சரி.

சேகரிப்புக்கு வாங்குவதென்றால் நான்கு வழிகள். ஒன்று, கலைஞரிடமே போவது. லிம்போப்போவில் எலிம் வட்டாரத்தில் ரிபோலா கலைப் பாதை என்று ஒன்று இருக்கிறது. ஊர் ஊராகச் செதுக்குபவர்களின் வாசலுக்கே போகலாம். இரண்டு, கலைஞருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லும் மையங்கள். 1959இல் டர்பனில் தொடங்கிய ஆப்பிரிக்கன் ஆர்ட் சென்டர் வழியாகத்தான் இந்த மாகாணத்தின் பல கலைஞர்கள் வெளியுலகுக்குத் தெரிந்தார்கள். மூன்று, கலைக்கூடங்கள். நான்கு, ஏலம். ஏலத்தில் சுத்தியல் விழும் தொகையோடு வாங்குபவர் கட்டணமும் வரியும் சேரும். அதை முன்பே கூட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் பதில் சொல்ல முடியாது.

கலைஞர் வீட்டுக்குப் போனால் நேராகப் பொருளைத் தூக்கி விலை கேட்காதீர்கள். உட்காருங்கள். ஜூலு பேசும் வீட்டில் பெரியவரை "பாபா" என்றும், மூத்த பெண்மணியை "மா" என்றும் அழைத்து "சாவுபோனா" சொல்லுங்கள். வெண்டா ஊர்களில் ஆண் "ந்டா" என்றும் பெண் "ஆ" என்றும் வணக்கம் சொல்வார்கள். மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். நான் சிரிப்பு வாங்கியிருக்கிறேன், ஆனால் அன்றைக்குச் சாப்பாடும் கிடைத்தது. பிறகு கேளுங்கள்: "ங்குபானி இகாமா லாகோ?" உங்கள் பெயர் என்ன?

அப்புறம் பேரம். மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கேட்டுப் பழகிய நாக்கைக் கொஞ்சம் அடக்க வேண்டும். மூன்று வாரம் செதுக்கியவரிடம் பாதி விலை கேட்பது என்னைப் பொறுத்தவரை அசிங்கம். கையில் காசு போதாவிட்டால் சிறியதாக ஒன்றை வாங்குங்கள்.

நான்காம் படி: தொட்டுப் பார்ப்பது

அச்சுப்படத்துக்கு: நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அதை வைத்துக் கறுப்பைப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திரத்தில் அடித்த போஸ்டர். கையால் எடுத்த லினோகட்டில் மை கெட்டியாகப் படிந்திருக்கும், வெள்ளையாக விட்ட இடத்தில் உளி தப்பிச் சென்ற கீறல்கள் ஒன்றிரண்டு மையோடு தெரியும். காகிதத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் பின்புறத்தில் அழுத்தம் தெரியலாம். கையெழுத்து பென்சிலில் இருப்பது வழக்கம். 12/50 என்றால் ஐம்பதில் பன்னிரண்டாவது பிரதி. கையெழுத்தே அச்சில் வந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓவியத்துக்கு: துணியின் ஓரத்தைப் பாருங்கள், பின்புறத்தைப் பாருங்கள். வண்ணம் மேடு பள்ளமாக இருக்கிறதா, அல்லது அச்சடித்த துணியின் மேல் பளபளப்புப் பசை மட்டும் தடவியிருக்கிறதா? பின்னதை இப்போது நிறைய விற்கிறார்கள். மஷ்லாங்கு பாணி என்பது வேறு, மஷ்லாங்கு என்பது வேறு. பாணியை வாங்குவதில் தவறில்லை, பாணிக்குப் பெயரின் விலையைக் கொடுப்பதுதான் தவறு.

மரத்துக்கு: இங்கேதான் நான் ஏமாந்தேன். ஒரு கடையில் "நூறு வருடத்துத் தலையணை" என்று கறுத்து மின்னிய இசிக்கிகியைக் காட்டினார்கள். வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெள்ளைப் பஞ்சில் துளி எண்ணெய் தொட்டு அடியில் தேய்த்தேன். பஞ்சு கறுத்தது, அறையில் பள்ளிக்கூடக் காலணி வாசம் வந்தது. ஷூ பாலிஷ். பாலிஷுக்குக் கீழே மரம் வெளுத்துப் புதிதாகச் சிரித்தது. இன்றும் அது என் மேசை மேல் இருக்கிறது, புத்தகம் சாய்த்து வைக்க.

உண்மையான பழமை ஒரே சீராக இருக்காது. கழுத்து பட்ட நடுப்பகுதி வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், தரையில் உராய்ந்த அடி மழுங்கியிருக்கும். கை படாத மூலை முடுக்கில் குடிசைப் புகை படிந்திருக்கும், உளித்தடம் இன்னும் கூர்மையாக இருக்கும். எல்லா இடத்திலும் சமமாகக் கறுத்திருந்தால், அது வயதல்ல, வண்ணம்.

புதிய சிற்பத்தில் ஈரம்தான் எதிரி. பச்சை மரத்தில் செதுக்கியது உங்கள் வரவேற்பறையில் காயும்போது வெடிக்கும். கையில் தூக்கிப் பாருங்கள்; அளவுக்கு மீறிய கனமும் தொட்டால் சில்லென்ற குளிர்ச்சியும் இருந்தால் எப்போது வெட்டிய மரம் என்று கேளுங்கள். லெட்வுட் போன்ற சில மரங்கள் இயல்பாகவே தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானவை, அதனால் மரத்தின் பெயரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஷ்லுங்வானி சிற்பங்களில் விரிசல் உண்டு, அது குறையல்ல. விரிசல் புதிதாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சின்னத் துளைகளும், அடியில் மெல்லிய மாவும் தெரிந்தால் வண்டு உள்ளே குடியிருக்கிறது. வண்ணம் பூசாத சிறிய துண்டாக இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு முழு நாள் அப்படியே இருந்து அறைச்சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் மரத்தின் மேலேயே வியர்க்கும். ஃபிரீசரில் இடம் பிடிக்க வீட்டம்மாவிடம் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு.

ஐந்தாம் படி: சட்டம்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். பாறை ஓவியத் துண்டு, தோண்டியெடுத்த கல் கருவி, முட்டை ஓட்டில் செய்த பழைய மணி எதையும் யார் விற்றாலும் வாங்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி தொல்லியல் பொருள்கள் அரசுக்குச் சொந்தம். பழைய கலைப்பொருளைச் சென்னைக்கோ லண்டனுக்கோ அனுப்ப நினைத்தால், ஏற்றுமதி அனுமதி தேவையா என்று மரபுவள முகமையிடம் முதலில் கேளுங்கள். தந்தம், ஆமை ஓடு சேர்ந்த பொருள் வேண்டவே வேண்டாம். மாருலா, லெட்வுட், கியாட் போன்ற மரங்கள் 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அந்த மரம் என்றால் உரிமத்தோடு வந்ததா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மரப்பெட்டியில் கட்டி வெளிநாடு அனுப்பினால் பெட்டியில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாமல் செய்யப்பட்டது என்பதற்கான சர்வதேச அடையாளம்) இருக்க வேண்டும்.

இன்னொன்று. படத்தை வாங்கினால் காகிதம்தான் உங்களுடையது, பதிப்புரிமை அல்ல. கலைஞர் வாழும் காலமும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் அது அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. என் தங்கை மகன் நான் வாங்கிய படத்தைத் தன் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கக் கேட்டான். கலைஞரிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டு, ஒரு தொகையும் அனுப்பினோம். பத்திரிகையின் பின்பக்கத்தில் சமையல்காரர் பெயருக்கு மேலே ஓவியர் பெயர் வந்தது. சமையல்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

ஆறாம் படி: வீட்டில் வைப்பது

டர்பன் காற்றில் ஈரமும் உப்பும். வெயில் நேராகப் படும் சுவர், குளியலறைச் சுவர், மழை ஊறும் வெளிச்சுவர் மூன்றும் வேண்டாம். சமையலறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை காகிதத்தில் மஞ்சளாகப் படியும். சாமி அறையில் மாட்டுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: கற்பூரக் கரியைக் காகிதத்திலிருந்து எடுக்கவே முடியாது.

சட்டம் போடும்போது என் அப்பா செய்த தவறைச் செய்யாதீர்கள். அமிலமில்லாத அட்டை கேளுங்கள். ஹார்ட்போர்டு நேரடியாகக் காகிதத்தைத் தொடக் கூடாது. அந்த ஆசிரியையின் படத்தில் பார்த்த பழுப்பு அதிலிருந்தும் டேப்பிலிருந்தும் வந்ததுதான். படத்தை மேல் ஓரத்தில் மட்டும், ஜப்பானியக் காகிதத் துண்டு இரண்டில், கோதுமை ஸ்டார்ச் பசை வைத்துத் தொங்கவிட வேண்டும். பட்டம் ஒட்டக் காய்ச்சுவோமே, கிட்டத்தட்ட அதே பசைதான், ஆனால் மாவிலிருந்து குளூட்டன் என்ற பசையத்தை நீக்கிய சுத்தமான ஸ்டார்ச். ஈரம் பட்டால் கழன்று வரும், அதுதான் அதன் சிறப்பு. கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி வேண்டும். ஓரத்தை வெட்டிச் சட்டத்துக்குள் அடக்கித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுங்கள்.

மரத்துக்கு மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஈரத்துணி, தேங்காயெண்ணெய், மேசை பாலிஷ் எதுவும் வேண்டாம். ஜன்னலோரம் வைக்காதீர்கள். வண்டு மாவு விழுந்தால் தெரிய அடியில் ஒரு கறுப்புத் தாள் விரித்து வைப்பது என் பழக்கம்.

ஏழாம் படி: நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். செய்தவர் பெயர், அவரே எழுதித் தந்தால் இன்னும் நல்லது. ஊர், மொழி, பொருள், அளவு, வாங்கிய தேதி, கொடுத்த தொகை, அவர் சொன்ன கதை. முன், பின், அடி மூன்றுக்கும் புகைப்படம். கலைஞர் சம்மதித்தால் அவர் கையில் பொருளோடு ஒரு படம். அருங்காட்சியகங்களில் எத்தனையோ கண்ணாடிப் பெட்டிகளில் "கலைஞர் அறியப்படவில்லை" என்று எழுதியிருக்கிறது. அவருக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? வாங்கியவர் கேட்கவில்லை.

நமக்கும் பிற்காலம் உண்டு. பிள்ளைகள் மெல்போர்னிலும் டொரண்டோவிலும் இருக்கிறார்கள், நாலடி மர மீனை யார் விமானத்தில் ஏற்றுவது? யாருக்கு எது போக வேண்டும் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கலைக்கூடத்துக்குக் கொடுப்பதென்றால் அவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். இடமில்லை என்று மறுக்கவும் செய்வார்கள்.

நோட்டு தொலையும் என்பதால் இன்னொரு வேலையும் செய்கிறேன். சட்டத்தின் பின் அட்டையில் மென்மையான பென்சிலால், சிற்பமென்றால் அடியில் கட்டிய பருத்திச் சீட்டில், பெயரை எழுதுகிறேன். ஆசிரியையின் எம்பாதா படத்தை மூன்று வருடத்துக்கு முன் அவர் மகள் கொண்டுவந்தார். பழைய அட்டையைப் பிரித்தேன். அப்பாவின் கையெழுத்தில் கட்டணமும் தேதியும் வாடிக்கையாளர் பெயரும் இருந்தன. அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எம்பாதாவின் பெயரை எழுதி, பக்கத்தில் அவர் வாழ்ந்த ஆண்டுகளைச் சேர்த்தேன்: 1941–2018. பிறகு புதிய அட்டை வைத்து மூடினேன். கூலி வாங்கவில்லை.